ஆமைத் தடம் பார்த்து நடந்தவருக்கு ஒரு கல்லாவது வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. கடற்கரையைச் சுத்தம் செய்த தன்னார்வலர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுக்கிறார்கள். பின்னால் இருக்கிற பேனரில் கொடுக்கிறவர்களின் முகம்தான் பெரிதாக இருக்கிறது, வாங்குகிறவர்கள் யார் எவர் என்று படத்துக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. குறை சொல்ல எழுதவில்லை, படம் போட்டதே பெரிய விஷயம்தான். ஆனால் அதைப் பார்த்ததும் ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒன்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்ட வேண்டியிருந்தால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், சதீஷ் பாஸ்கர் கதையில் கை வைக்காதீர்கள்.

சதீஷ் பாஸ்கர் யார் என்று கேட்பீர்கள். கேட்பதில் தப்பில்லை. சென்னைக் கடற்கரையில் கடலாமை முட்டைகளைக் காக்க ராத்திரியில் நடக்கத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் முதலில் நடந்த அதே மணலில் பதினைந்து வருடம் நடந்துவிட்டு, அவர் இறந்த பிறகுதான் அவர் பெயரையே கேள்விப்பட்டவன் நான்.

முதலில் என் கதை. நான் கொட்டிவாக்கத்துக்காரன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். 2008 பிப்ரவரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஆமைநடைக்குப் போகணும் என்று வீட்டில் நின்றாள். ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பி விடிகாலை வரைக்கும் கடற்கரையில் நடப்பதாம். அவள் அம்மா ஒரே நிபந்தனை போட்டாள், அப்பா கூடப் போனால் போகலாம். அப்படித்தான் நான் ஆமையைப் பார்க்கப் போனேன். உண்மையில் மகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன். நீலாங்கரையில் ஆரம்பித்து பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் போல வரும். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அலை வந்து தொட்டுப் போகிற ஈர மணலுக்குக் கொஞ்சம் மேலே வரிசையாக நடந்துகொண்டே போக வேண்டும். முன்னால் போன பையன் திடீரென்று நின்று கையைக் காட்டினான். கடலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடம் போகிறது, மேட்டிலிருந்து கடலுக்கு ஒரு தடம் இறங்குகிறது, பொம்மை டிராக்டர் ஒன்றை யாரோ ஓட்டிப் போனது மாதிரி. ஆமை வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. மேட்டில் மணல் கலைந்திருந்த இடத்தில் அந்தப் பையன் ஒரு கம்பால் மெல்லக் குத்திக் குத்திப் பார்த்தான், ஓர் இடத்தில் கம்பு பொதுக்கென்று இறங்கியது. அப்புறம் குப்புறப் படுத்துக்கொண்டு கையாலேயே தோண்டினான். ஒன்றரை அடி ஆழம், கழுத்து குறுகி வயிறு அகன்று, சரியாக ஒரு குடம் மாதிரி குழி. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார்கள், நூறைத் தாண்டியது. மேசைப் பந்து அளவு, ஆனால் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். எல்லாவற்றையும் துணிப்பையில் வைத்து, உருட்டாமல் புரட்டாமல், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி பெசன்ட் நகர் பொரிப்பகம் வரை, அதாவது குஞ்சு பொரிக்கும் வரை முட்டைகளைக் காக்கிற இடம் வரை, தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அங்கே அதே ஆழத்தில், அதே குட வடிவத்தில் இன்னொரு குழி தோண்டிப் புதைத்தார்கள். காலை நான்கு மணிக்கு அந்தப் பையன் என்னிடம் சொன்னது, "அங்கிள், எனக்கு ஒன்பது மணிக்கு மாடல் எக்ஸாம்."

இந்த ஆமைக்கு மீனவர்கள் வைத்த பெயரே பங்குனி ஆமை, வருகிற காலத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் தொடங்கி மார்ச் தாண்டும் வரை, சரியாக நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற காலத்தில்தான் வரும். ஆமைக்கு அந்தக் கவலை கிடையாது. சென்னையில் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988இல் தொடங்கியது, அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளைகள் நடக்கிறார்கள். முதலில் நடந்த மாணவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கும். நீலாங்கரைக்குத் தெற்கே ட்ரீ பவுண்டேஷன் 2002இலிருந்து குப்பத்து இளைஞர்களை வைத்தே இந்த வேலையைச் செய்கிறது, அதைத் தொடங்கிய சுப்ரஜா தாரிணியின் பெயராவது அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. நடக்கிற பிள்ளைகளின் பெயர் வருவதில்லை. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

சரி, 1988க்கு முன்னால்? அதை நான் யோசித்ததே இல்லை. 2023 மார்ச்சில், ஒரு நடைக்குப் போகிற வழியில், கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியை ஒரு பெண் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். சதீஷ் பாஸ்கர் கோவாவில் காலமானார். "நாம இப்ப நடக்கிறோமே, இதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆமைநடையில் வழக்கமாகவே பேசக் கூடாது என்பதால் அது துக்கமா ஒழுங்கா என்று வெளியாட்களுக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

கேரளத்துக்காரர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர். படிப்பை முடிக்கவில்லை. வகுப்பை விடக் கடல்தான் அவருக்குப் பிடித்திருந்தது. ஐஐடிக்குப் பக்கத்திலேயே கிண்டியில் ரோமுலஸ் விட்டேக்கர் பாம்புப் பண்ணை வைத்திருந்தார். இன்று பள்ளிச் சுற்றுலாவில் நாம் போகிறோமே, அதே பண்ணைதான், அன்று அது இந்த மாதிரி ஊர்சுற்றி இளைஞர்கள் வந்து சேருகிற இடமாகவும் இருந்தது. பாம்புக்கு ஆள் இருக்கிறது, முதலைக்கு ஆள் இருக்கிறது, கடலாமையைப் பற்றித்தான் இந்தியாவில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, கடல் பிடிக்கும் என்கிறாயே, அதைப் பார் என்று விட்டேக்கர் அவருக்குக் காட்டிவிட்டார். 1970களின் தொடக்கத்தில் இவர்கள் ஒரு சிலர் சென்னைக் கடற்கரையில் இரவில் நடக்கத் தொடங்கினார்கள். நாய்க்கும் நரிக்கும் முட்டை திருடுகிறவர்களுக்கும் முன்னால் போய் முட்டையை எடுத்து, வேலி கட்டிய இடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விட்டார்கள். இன்றைக்கு நாம் செய்கிறதில் எது புதிது? துணிப்பை முதற்கொண்டு அன்றைய ஏற்பாடுதான்.

மற்றவர்கள் சென்னையிலேயே இருக்க, சதீஷ் நடந்துகொண்டே போய்விட்டார். தமிழ்நாட்டுக் கரை, குஜராத், லட்சத்தீவு, அந்தமான், நிகோபார் என்று இந்தியக் கடற்கரையில் அவர் காலால் நடந்து பார்த்தது 4,000 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். எங்கே எந்த ஆமை ஏறுகிறது, பங்குனி ஆமையா, பேராமையா, அழுங்காமையா, ஏழுவரி ஆமையா, எத்தனை தடம், எந்த மாதம், முட்டையைத் தின்பது பன்றியா உடும்பா மனிதனா என்று எழுதி எழுதி அனுப்பினார். அன்றைக்குச் செயற்கைக்கோள் படமும் கிடையாது, கைப்பேசியில் வழி காட்டும் வரைபடமும் கிடையாது. பல தீவுகளுக்கு ஒழுங்கான படகே கிடையாது. நானும் நடக்கிறவன்தான், ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்தால் மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் கட்டை மாதிரி ஆகிவிடும், அதனால்தான் அந்த நாலாயிரத்தைப் படிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன், மற்றதை விட்டாலும் பரவாயில்லை. லட்சத்தீவில் சுஹேலி வலியகரை என்று ஆள் குடியில்லாத ஒரு சின்னத் தீவு. பேராமைகள் அங்கே முட்டையிட ஏறுவது தென்மேற்குப் பருவமழை அடிக்கிற காலத்தில். அந்தக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகு போகாது, படகு போகாததால் யாரும் போய்ப் பார்த்ததில்லை, பார்க்காததால் எத்தனை ஆமை வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இதற்கு ஒரே வழிதான் உண்டு. மழைக்கு முன்னால் போய் இறங்கிவிட வேண்டும், மழை முடிகிற வரைக்கும் திரும்பி வர முடியாது என்று தெரிந்தே இறங்க வேண்டும். 1982 மே மாதம் சதீஷ் அதைத்தான் செய்தார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். தீவில் அவர் ஒருவர் மட்டும், அரிசி பருப்பு மாதிரி கொண்டுபோன சாமானும் தேங்காயும் துணை. இடையில் ஒரு பெரிய திமிங்கலச் சுறா செத்துக் கரையொதுங்கி அழுகத் தொடங்கியது. தீவே சின்னது, நாற்றத்துக்குப் பயந்து எங்கே ஓடுவது?

மனைவிக்குக் கடிதம் எழுத வேண்டும், தபால்காரர் வரப்போவதில்லை. கடிதத்தை எழுதி ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஜூலை தொடக்கத்தில் கடலில் எறிந்தார். 24 நாள் கழித்து, சுமார் 800 கிலோமீட்டர் மிதந்து, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த மனிதர் என்ன செய்திருக்கலாம், பாட்டிலை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம். அவரோ தன் கடிதம் ஒன்றையும் சேர்த்து அதை அந்த அம்மாவுக்குத் தபாலில் அனுப்பி வைத்தார். எனக்கு இந்தக் கதையில் சதீஷைவிட அந்த மீனவரைத்தான் முதலில் பிடித்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கரையிலும் வலையில் ஆமை சிக்கினால் வலையை அறுத்து விடுகிற ஆள்கள் இருக்கிறார்கள், நஷ்டம் அவர்களுடையது, பேர் யாருக்கும் தெரியாது.

செப்டம்பரில்தான் அவர் தீவிலிருந்து மீண்டார். அதன் பிறகு இந்தோனேசியாவின் பப்புவாவில் ஒரு கடற்கரைக்குப் போய் 1984-85இல் சுமார் 700 ஏழுவரி ஆமைகளுக்கு அடையாள வில்லை பொருத்தினார். ஏழுவரி ஆமை என்றால் ஆறடி நீளம், எடையில் ஒரு எருமை மாட்டோடு போட்டி போடும், அதன் துடுப்பில் ராத்திரியில் வில்லை மாட்டுவது என்றால் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தமானில் அழுங்காமைகளுக்காக மறுபடியும் தனித் தீவு வாசம். 1990களோடு களத்திலிருந்து ஒதுங்கி கோவாவில் குடும்பத்தோடு அமைதியாக இருந்துவிட்டார். 2010இல் கடலாமை ஆய்வாளர்களின் உலக மாநாடு அந்தக் கோவாவிலேயே நடந்தபோது அவரைக் கூப்பிட்டு விருது கொடுத்துக் கௌரவித்தார்கள். உலகம் கௌரவித்துவிட்டது என்று சொல்லலாம். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்துவிட்டது.

நம் ஊரில்? பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரைக்கும் நான் நடந்த எந்த இடத்திலும் அவர் பெயரைப் பார்த்ததில்லை.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று, அவர் நம்ம ஊர்க்காரரா? இரண்டு, பாம்புப் பண்ணையில் வேலை பார்த்து, பெரிய அமைப்புகளிடம் பணம் வாங்கித்தானே ஊர் சுற்றினார், அவர் எப்படித் தன்னார்வலர்? நல்ல கேள்விகள்தான். முதலாவதுக்குப் பதில் பெசன்ட் நகர் கடற்கரையிலேயே நிற்கிறது. வெள்ளையாக, வளைவு வைத்து, நாமெல்லாம் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, ஷ்மிட் நினைவுச் சின்னம். ஷ்மிட் டென்மார்க்காரர். 1930இல் அந்தக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்டார் என்பதற்காக எழுப்பியது. சென்னையில் பிறந்தாரா என்று அன்று யாரும் கேட்கவில்லை, உயிரைக் காப்பாற்றினாரா என்றுதான் பார்த்தார்கள். இரண்டாவது கேள்விக்கு, பொறியியல் பட்டம் வாங்கினால் கிடைக்கிற சம்பளத்தை விட்டுவிட்டு, பாம்புப் பண்ணை கொடுப்பதை வாங்கிக்கொண்டு, ஐந்து மாதம் ஆளில்லாத தீவில் இருக்கிறவரைச் சம்பளக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே பாம்புப் பண்ணையில் அவர் காலத்தில் விஜயா என்று ஒரு பெண் இருந்தார், ஊர்வன பற்றிய ஆய்வில் இந்தியாவின் முதல் பெண் என்று சொல்லத்தக்கவர். வங்காளத்தில் திகாவில் ஆமைகளைக் குவித்து வெட்டுவதை அவர் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்து, இந்திரா காந்தி வரைக்கும் போய், கடலோரக் காவல் படையை இறக்கிவிட்டார்கள். 1987இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர் மறுபடி தேடிக் கண்டுபிடித்த கேரளக் காட்டு ஆமையின் பேரினத்துக்கே 2006இல் அவர் பெயரை வைத்தார்கள், விஜயசெலிஸ் என்று. விஞ்ஞானிகள் ஒரு ஆமைக்கே பெயர் வைக்கும்போது மாநகராட்சி ஒரு கல்லுக்குப் பெயர் வைக்கக் கூடாதா?

கல் எதற்கு, செத்துப் போனவருக்குக் கல் வைத்து ஆமைக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 2025 ஜனவரி அதைத் தீர்த்துவிட்டது. அந்த மாதம் சென்னைக் கரையெங்கும் ஆமைகள் செத்து ஒதுங்கின, ஆயிரத்துக்கு மேல் என்று கணக்கு சொன்னார்கள், பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. நானும் அந்த வாரம் நடந்தேன். தடம் தேடி நடக்கிற கரையில் ஆமைப் பிணம் தாண்டி நடந்தேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, அருகில் போக முடியாத நாற்றம். எல்லாம் முட்டையிட வந்த பெரிய ஆமைகள். குஞ்சு ஒன்று பெரிதாகி முட்டையிட வரப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகும், ஆயிரம் குஞ்சில் ஒன்று தப்பினால் அதிகம் என்பார்கள். கணக்குப் போட்டால் அன்று கரையில் கிடந்த ஒவ்வொரு ஆமைக்கும் பின்னால் எத்தனை பொரிப்பகம், எத்தனை ராத்திரி, எத்தனை மாடல் எக்ஸாம்.

ஆமை மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலில் மூச்சு விடுவது. மேலே வந்து மூச்சு வாங்கிப் போக வேண்டும். விசைப்படகு கடலுக்கடியில் இழுத்துக்கொண்டு போகிற வலையான இழுவை மடியில் சிக்கினால் மணிக்கணக்கில் மேலே வர முடியாமல் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். தமிழ்நாட்டில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது என்று விதி இருக்கிறது, மடியில் ஆமை தப்பிக்கும் கதவு வைக்கலாம் என்கிற ஏற்பாடும் இருக்கிறது. நம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது, அதற்குள் ஆமை வந்து முட்டையிட்டுவிட்டுப் போயே போய்விடும். அதனால் ஜனவரியிலிருந்து அந்த ஐந்து மைலைக் காப்பதுதான் ஒரே வழி. இதை எழுதும்போது குப்பத்து மீனவர்கள் மேல் பழி போடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரூர் குப்பத்திலும் ஓடைக்குப்பத்திலும் ஃபைபர் படகில் போகிறவர்களுக்கும் இந்த இழுவை மடியால் நஷ்டம்தான், அவர்கள் வலையையும் சேர்த்துத்தான் அது வாரிக்கொண்டு போகிறது. அவர்களில் சிலர்தான் ராத்திரியில் எங்களுக்கு "அண்ணே, அந்தப் படகுக்குப் பின்னால ஒண்ணு ஏறியிருக்கு" என்று சொல்கிறவர்கள்.

அப்புறம் விளக்கு. குஞ்சு மணலிலிருந்து வெளியே வந்ததும் வெளிச்சம் அதிகம் இருக்கிற திசையைப் பார்த்து ஓடும். கோடி வருடமாக அந்தத் திசை கடல்தான், நட்சத்திரமும் நிலாவும் அலையில் மின்னுவது. இன்றைக்கு அது கடற்கரைச் சாலையின் உயர்கோபுர விளக்கு. சாலையில் நசுங்கிக் கிடந்த குஞ்சுகளை நான் எண்ணியிருக்கிறேன், எண்ணிக்கையை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. பொரிப்பகம் வைப்பதே பாதிக்கு மேல் இந்த விளக்குக்காகத்தான் என்று சொல்லலாம். நாங்கள் சில பேர் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குப் போய், பருவத்தில் மட்டும் இரவு பதினோரு மணிக்கு மேல் விளக்கை அணையுங்கள் என்று மனு கொடுத்தோம். மனுவை வாங்கிக்கொண்டவர் நல்ல மனிதர், டீ கூட வாங்கிக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் கொஞ்ச நாள் அணைந்தது, பிறகு எரிந்தது. மறு வருடம் அவர் மாற்றலாகிப் போயிருந்தார், புதியவரிடம் ஆமை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. என்னுடைய கோரிக்கையே இங்கேதான் வருகிறது. அதிகாரி மாறுவார், மாணவர் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விடுவார், நான் இன்னும் எத்தனை வருடம் நடப்பேன் என்று என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். இடத்தை விட்டு நகராத ஏதாவது ஒன்று அந்தக் கரையில் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் விளக்கைப் போட வரும்போது இது என்ன என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிற மாதிரி.

சிலை வேண்டாம். சதீஷ் கூச்ச சுபாவக்காரர், அதிகம் பேசாதவர் என்றுதான் பழகினவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள், அவருக்குச் சிலை வைத்தால் அதைப் பார்த்து அவரே வெட்கப்படுவார். காக்கைக்கு உட்கார இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பொரிப்பகம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஷ்மிட் சின்னத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் போதும். தமிழில் எழுதியிருக்க வேண்டும். 1970களில் இந்தக் கரையில் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர், பிறகு இந்தியாவின் கரையெங்கும் நடந்தார், 1988 முதல் மாணவர்கள் நடக்கிறார்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை இங்கே இரவில் விளக்கு எரியாது. கடைசி வரியைக் கல்லில் எழுதிவிட்டால் மாற்றலாகி வருகிற அதிகாரிக்கு நாங்கள் போய் ஒவ்வொரு வருடமும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தக் கல்லுக்கு மேலே விளக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், நம் ஊரில் நினைவுச் சின்னம் என்றாலே முதலில் போகஸ் விளக்குதான் வாங்குவார்கள்.

இன்னொரு ஆசையும் உண்டு, கிடைத்தால் நல்லது. அந்த ஆவணப்படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்து ஊரூர் குப்பத்தில் ஒரு திரை கட்டி ஒரு மாலை காட்டலாம். பாட்டிலைக் கண்டெடுத்து அனுப்பிய இலங்கை மீனவர் கதை வேறு எங்கேயும்விட அங்கேதான் சரியாகப் புரியும்.

நிகோபாரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சதீஷுக்குச் செய்கிற துரோகம். கிரேட் நிகோபாரின் தெற்குக் கோடியில் கலத்தியா விரிகுடா என்று ஒரு கடற்கரை. ஏழுவரி ஆமை இந்தியாவில் முட்டையிடுகிற இடங்களில் முக்கியமானது. அங்கே அந்த ஆமை ஏறுகிறது என்று நாம் இன்று சொல்வதே சதீஷ் போன்றவர்கள் அங்கே போய்த் தடத்தை எண்ணி எழுதி வைத்ததால்தான். 2004 சுனாமியில் அந்தக் கடற்கரை மணலோடு போய்விட்டது. பிறகு கடல் மெல்ல மெல்ல மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது, ஆமையும் திரும்பி வந்தது. கடல் திருப்பிக் கொடுத்த இடத்தைத்தான் 2021 ஜனவரியில் சரணாலயப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், பெரிய சரக்குத் துறைமுகம் கட்டுவதற்காக. துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் எல்லாம் சேர்த்து 72,000 கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். நாட்டுக்குத் துறைமுகம் வேண்டாமா என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் ஆமை வேறு கடற்கரைக்குப் போய்க்கொள்ளும் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் ஒருமுறையாவது பங்குனி மாதத்தில் எங்களோடு நடந்து பார்க்க வேண்டும். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிவிட்டு, தான் பொரிந்த கரைப் பக்கமே முட்டையிடத் திரும்பி வருகிற பிராணி அது. மாற்று இடம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிற ஜாதி இல்லை. சதீஷின் குறிப்புகள் இல்லாவிட்டால் அந்தக் கடற்கரைக்காக வாதாடுகிறவர்கள் கையில் பழைய கணக்கு என்று எதுவுமே இருந்திருக்காது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். இந்தக் கடிதத்தை முடிந்த அளவு வெட்டாமல் போடுங்கள். அப்புறம், ஒரு நிருபரை ஒரு ராத்திரி அனுப்புங்கள், பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் நடைக்குக் கூட்டிப் போகிறார்கள். போட்டோகிராபர் வந்தால் ஃபிளாஷ் போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதை வைத்து வருடா வருடம் யாராவது ஒருவரோடு சண்டை வருகிறது. அந்தத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், படத்துக்குக் கீழே போடுவதற்கு. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, குடிக்கத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லுங்கள், வழியில் கடை கிடையாது.

இப்படிக்கு,
ஆமைநடைக்கு மகளுக்குத் துணையாகப் போன ஒரு வாசகர்,
கொட்டிவாக்கம், சென்னை